மதுரையிலிருந்து வைகை அணைக்கு: வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டரில் மேப் வைத்துப் பறக்கப் பழகுவது எப்படி

விமானம் ஓட்டுவதை அப்படியே திரையில் காட்டும் ஃப்ளைட் சிமுலேட்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய முதல் நாளே பலரும் துபாய்க்கும் லண்டனுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் மேப்பையும் நேவிகேஷனையும் கற்றுக்கொள்ள அது நல்ல வழி இல்லை. துபாயில் எந்தக் கட்டடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மேப் ஒன்று சொல்கிறது, ஜன்னலில் வேறு ஏதோ தெரிகிறது. எது சரி என்று சொல்ல உங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

நம் ஊரில் அப்படி இல்லை. யானைமலை எந்தப் பக்கம், திருப்பரங்குன்றம் எந்தப் பக்கம், வைகை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதெல்லாம் பஸ்ஸில் போய்ப் போய் நமக்குப் பழகியவை. அந்த அறிவுதான் உங்கள் முதல் ஆசிரியர். மேப்பில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் பறந்து, கீழே பார்த்து, "ஆமா, இது உசிலம்பட்டிதான்" என்று சொல்ல முடிகிறபோது மேப்பைப் படிக்கும் வித்தை கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு துபாய் எங்கேயும் போய்விடாது.

என் அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். அவன் திருமங்கலத்தில் பிளஸ் டூ படிக்கிறான்.

எந்த சிமுலேட்டருக்கு எந்த மேப்

விமானத்துக்குள்ளேயே ஜி.பி.எஸ். திரை இருக்கிறதே, தனியாக ஒரு மேப் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தத் திரை சின்னது. பெரிதாக்கினால் அக்கம்பக்கம் தெரியாது, சிறிதாக்கினால் எழுத்து தெரியாது. தனி மேப் என்றால் மலையின் உயரம், விமான நிலையத்தின் ரன்வே, ரேடியோ நிலையங்களின் அலைவரிசை, நீங்கள் வந்த பாதை எல்லாமே ஒரே இடத்தில் இருக்கும். கிளம்பும் முன்பே உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போடலாம். இதுதான் பெரிய லாபம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது லிட்டில் நேவ்மேப். இலவசம், மூலநிரல் திறந்த மென்பொருள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, 2024, எக்ஸ்-பிளேன் 11, 12, பழைய எஃப்.எஸ்.எக்ஸ்., பிரிபேர்3டி எல்லாவற்றோடும் சேரும். எக்ஸ்பாக்ஸில் விளையாடுபவர்களுக்கு மட்டும் இந்த வழி இல்லை. வெளி மென்பொருள் வந்து சேருகிற வாசல் அதில் கிடையாது.

கம்ப்யூட்டர் பழையது, காசு செலவழிக்கவும் வழியில்லை என்றால் ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டரைப் போடுங்கள். அதுவும் முழுக்க இலவசம். அதற்கு வேறு மேப் தேட வேண்டாம், மெனுவில் எக்விப்மென்ட் என்ற பகுதியிலேயே மேப் இருக்கிறது. கிளம்பும்போது கூடுதல் அமைப்புகளில் இரண்டு சிறு கோடு, பிறகு எச்.டி.டி.பி.டி., சமக்குறி, 8080 என்று இடைவெளி விடாமல் சிறிய எழுத்தில் சேர்த்தால் பிரௌசரிலும் மேப் திறக்கும். கீழே நான் பறக்கச் சொல்லும் பாதை ஃப்ளைட்கியருக்கும் அப்படியே பொருந்தும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. சிம்பிரீஃப் என்பது பெரிய பயணிகள் விமானத்துக்கு எரிபொருள், பாதை எல்லாம் கணக்குப் போட்டுத் தரும் இணையச் சேவை. இலவசம், அருமையானது, ஆனால் முதல் மாதத்தில் உங்களுக்குத் தேவைப்படாது. நேவிகிராஃப் சந்தா கட்டிப் பெறுவது. விமானப் போக்குவரத்துத் தகவல்கள் உலகம் முழுவதும் 28 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. அந்தப் புதிய தகவலையும், விமானிகள் பயன்படுத்தும் வழிப்படங்களான சார்ட்டுகளையும் அது தரும். வொலான்டா நீங்கள் பறந்த கணக்கைப் பதிவு செய்து வைக்கும். இவற்றில் எதற்கும் இப்போது காசு கட்டாதீர்கள். லிட்டில் நேவ்மேப் ஒன்றே போதும்.

நிறுவுவதும் இணைப்பதும்

லிட்டில் நேவ்மேப்பை ஜிப் கோப்பாக இறக்கினால் தனி ஃபோல்டர் ஒன்றில் விரித்துப் போடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே வேண்டாம், அனுமதித் தொல்லை வரும். பழைய பதிப்பு ஏற்கெனவே இருந்தால் அதன் மேலேயே கொட்டாமல் அந்த ஃபோல்டரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது சீனரி லைப்ரரி மெனுவில் போய், உங்கள் சிமுலேட்டர் எதுவோ அதைத் தேர்ந்து, லோட் சீனரி லைப்ரரி கொடுப்பது. உங்கள் சிமுலேட்டருக்குள் இருக்கும் விமான நிலையங்களையும் ரேடியோ நிலையங்களையும் அது ஒவ்வொன்றாகப் படித்துத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். சில நிமிஷம் ஆகும், பொறுமையாக விடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2024 வைத்திருப்பவர்கள் சிமுலேட்டரைத் திறந்து மெயின் மெனுவில் நிறுத்திவைத்துவிட்டு இதைச் செய்ய வேண்டும். எக்ஸ்-பிளேன்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை: லிட்டில் நேவ்மேப்போடு கூடவே வரும் லிட்டில் எக்ஸ்பிகனெக்ட் என்ற ஃபோல்டரை எக்ஸ்-பிளேனின் ரிசோர்சஸ் என்ற ஃபோல்டருக்குள் ப்ளகின்ஸ் என்ற இடத்தில் வைக்க வேண்டும். அது இல்லாமல் இரண்டும் பேசிக்கொள்ளாது.

இப்போது சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை எடுத்து மதுரை ரன்வேயில் நிறுத்துங்கள். மதுரை விமான நிலையத்தின் சர்வதேசக் குறி வி.ஓ.எம்.டி. டிக்கெட்டில் பார்க்கும் ஐ.எக்ஸ்.எம். வேறு, அது பயணிகளுக்கானது. சிமுலேட்டர் உலகில் நான்கு எழுத்துக் குறிதான் செல்லும். வி.ஓ. என்று ஆரம்பித்தால் தென்னிந்தியா: சென்னை வி.ஓ.எம்.எம்., திருச்சி வி.ஓ.டி.ஆர்., தூத்துக்குடி வி.ஓ.டி.கே., கோவை வி.ஓ.சி.பி. நாலைந்தை மனப்பாடம் செய்து வையுங்கள், நிறைய நேரம் மிச்சமாகும்.

லிட்டில் நேவ்மேப்பில் டூல்ஸ் மெனுவுக்குப் போய் ஃப்ளைட் சிமுலேட்டர் கனெக்ஷன் என்பதைத் திறந்து, நேரடி இணைப்பு கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மேப்பில் மதுரை ரன்வே மேல் ஒரு மஞ்சள் நிற விமானம் வந்து உட்காரும்.

அக்கா மகன் முதல் முறை இதைப் பார்த்ததும் கேட்ட கேள்வி, "மாமா, அந்த மஞ்சப் பிளேன் நான்தானா?" அவன் சக்கரத்தை உருட்டினான், அதுவும் உருண்டது. பிறகு அரை மணி நேரம் பறக்கவே இல்லை, ரன்வேக்குப் போகும் தரைப் பாதையான டாக்ஸிவேயில் இங்கும் அங்கும் ஓட்டிக்கொண்டே மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் நல்ல பயிற்சிதான். நீங்களும் செய்யுங்கள். ரன்வே மேப்பில் எந்தத் திசையில் கிடக்கிறது, உங்கள் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற ஒப்பீடு தரையிலேயே பழகிவிடும்.

மஞ்சள் விமானம் வரவில்லையா? முதலில் சீனரி லைப்ரரி மெனுவில் உங்கள் சிமுலேட்டர்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி இங்கேதான் தடுமாறுவார்கள். அடுத்து, சிமுலேட்டரில் விமானம் உண்மையிலேயே ரன்வேயில் நிற்கிறதா, இன்னும் மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் மற்ற சந்தேகமெல்லாம்.

மேப்பைக் கைபேசியில் காட்டுவது

ஒரே மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. டூல்ஸ் மெனுவில் ரன் வெப்சர்வர் என்று இருக்கும். அதை இயக்கிவிட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் அதே வைஃபையில் கைபேசியையும் சேருங்கள். கைபேசி பிரௌசரில் உங்கள் கம்ப்யூட்டரின் உள் முகவரியை அடித்து, முக்காற்புள்ளி போட்டு 8965 என்று சேர்த்தால் மேப் திறக்கும். உள் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணாக இருக்கும்.

திறக்கவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது முறை விண்டோஸ் ஃபயர்வால்தான் காரணம். முதல் முறை இயக்கும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும், அதில் பிரைவேட் நெட்வொர்க் என்பதற்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் மூடிவிட்டீர்கள் என்றால் ஃபயர்வால் அமைப்பில் போய் லிட்டில் நேவ்மேப்புக்கு அனுமதி கொடுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தப்பு ரவுட்டரில் இல்லை, அந்த ஒரு டிக்கில் இருந்தது.

பழைய கைபேசியோ டேப்லெட்டோ சும்மா கிடந்தால் அதைச் சார்ஜரோடு சேர்த்துக் கீபோர்டு பக்கத்தில் சாய்த்து வையுங்கள். உண்மையான விமானியின் மடிமேல் இருக்கும் மேப் போலவே ஆகிவிடும்.

முதல் திட்டம்: திருமங்கலம், உசிலம்பட்டி, வைகை அணை

மேப்பில் மதுரை விமான நிலையத்தை ரைட் கிளிக் செய்து, புறப்படும் இடமாக வையுங்கள். பிறகு திருமங்கலம் ஊருக்கு மேல் ரைட் கிளிக் செய்து, அந்த இடத்தைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதே போல உசிலம்பட்டி, அதற்கு அடுத்து வைகை அணை. மூன்று கோடுகள் வந்துவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் கொடுங்கள், இல்லாவிட்டால் எண்களாக நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து திருமங்கலம் நேர் மேற்கே சுமார் 6 நாட்டிகல் மைல். அங்கிருந்து உசிலம்பட்டி வடமேற்கே ஏறத்தாழ 15. உசிலம்பட்டியிலிருந்து வைகை அணை 13. ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர். நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிகல் மைல். செஸ்னா 110 நாட் வேகத்தில் போகிறது என்றால், திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டிக்கு 8 நிமிஷம், அங்கிருந்து அணைக்கு 7 நிமிஷம். இந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் வையுங்கள். மேப்பே எல்லாம் சொல்லும்போது எதற்கு என்று தோன்றும். ஆனால் நீங்களே போட்ட கணக்கும் கடிகாரமும் கீழே தெரியும் ஊரும் ஒன்றாகச் சேரும் அந்தத் தருணத்தில்தான் மேப் உங்களுக்குச் சொந்தமாகிறது.

உயரத்துக்கு வருவோம். ஒரு பொது விதி: மேற்கு நோக்கிய பாதைக்கு இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 அடி, கிழக்கு நோக்கிய பாதைக்கு ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடி. கண்ணால் பார்த்துப் பறப்பவர்கள் எதிரெதிரே மோதாமல் இருக்க வந்த ஏற்பாடு. ஆகவே போகும்போது 4,500, வரும்போது 5,500 என்று வைத்துக்கொள்ளலாம். வைத்த பிறகு, மேப்புக்குக் கீழே இருக்கும் எலிவேஷன் ப்ரொஃபைல் என்ற பட்டையைத் திறந்து பாருங்கள். உங்கள் பாதையைக் கத்தியால் நறுக்கிப் பக்கவாட்டில் காட்டியது போல நிலத்தின் மேடு பள்ளம் அதில் தெரியும். உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிப்பட்டிக் கணவாய்ப் பக்கத்து மலை எழுந்து நிற்கும். பட்டையில் வரும் சிவப்புக் கோடு, பாதையில் இருக்கும் மிக உயரமான இடத்துக்கு மேல் ஆயிரம் அடி விட்டுக் காட்டுவது. உங்கள் விமானக் கோடு அதற்கு மேலேயே இருக்க வேண்டும். இருக்கவில்லை என்றால் 6,500 வையுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

திட்டத்தைச் சேமித்து, ஃபைல் மெனுவில் உங்கள் சிமுலேட்டருக்கு ஏற்ற வடிவில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு ஒரு வடிவம், எக்ஸ்-பிளேனுக்கு வேறு வடிவம், பெயரைப் பார்த்தாலே தெரியும். ஆனால் முதல் பயணத்துக்கு இதை விமானத்து ஜி.பி.எஸ்.ஸில் ஏற்றாதீர்கள் என்பேன். ஆட்டோபைலட்டும் வேண்டாம். மேப், கடிகாரம், ஜன்னல் மூன்றும் போதும்.

பறந்து பார்ப்போம்

வானிலையைத் தெளிவாக, காற்று இல்லாமல் வையுங்கள். மதுரை ரன்வே கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கு நோக்கி ஓடினால் அதன் எண் 09, மேற்கு நோக்கி ஓடினால் 27. நீளம் 2,285 மீட்டர், செஸ்னாவுக்கு ஏராளம். நாம் மேற்கே போகிறோம், 27 எடுங்கள். விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 460 அடியில் இருக்கிறது, ஆகவே தரையில் நிற்கும்போதே உயரமானி அதைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் காற்றழுத்த அளவைச் சரி செய்யாமல் கிளம்பாதீர்கள்.

எழும்பி நேராக ஏறுங்கள். ஒன்றரை நாட்டிகல் மைல் போனதும் வலது பக்கம் பாருங்கள், கொஞ்சம் தள்ளித் திருப்பரங்குன்றம். அதற்கும் அப்பால் நீளமாகக் கிடப்பது நாகமலை. தரையில் இருந்து பார்க்கும்போது நாகமலை ஒரு மலை. மேலிருந்து பார்த்தால் மெல்லிய ஒற்றை முதுகெலும்பு, பெயர் வைத்தவர் மேலே ஏறிப் பார்த்துத்தான் வைத்தாரோ என்று தோன்றும். நேர் கீழே நாலுவழிச் சாலை வடக்கு தெற்காகக் குறுக்கே வரும்போது திருமங்கலம் வந்துவிட்டது என்று அர்த்தம். "மாமா, நம்ம வீடு தெரியுதா?" என்று அவன் தேடினான். வீடு தெரியவில்லை, ஆனால் ரயில் பாதையைப் பிடித்துவிட்டான். அதுதான் முக்கியம். மேலிருந்து வழிகாட்டுபவை நீளமானவை: ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை, மலைத்தொடர், கண்மாய்க் கரை. தனி வீடும் தெருவும் உதவாது.

திருமங்கலத்தில் வலது பக்கம் திரும்பித் திசைகாட்டியில் 307 டிகிரியைப் பிடியுங்கள் (வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270). மேப்பில் இப்போது நீங்கள் போக வேண்டிய கோடு மட்டும் மஜந்தா நிறத்தில் இருக்கும், மற்றவை மஞ்சள். கடிகாரத்தைப் பாருங்கள். எட்டு நிமிஷம்.

இந்த எட்டு நிமிஷத்துக்கு ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: மேப்பை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறைதான் பார்ப்பேன் என்று. முதலில் ஜன்னலில் பார்த்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். பிறகு மேப்பைப் பார்த்துச் சரியா என்று ஒத்துப்பாருங்கள். வரிசையை மாற்றினால், அதாவது மேப்பைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால், எதைப் பார்த்தாலும் உசிலம்பட்டி போலவே தெரியும். கண் ஏமாற்றிவிடும். புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒன்றைத்தான். மஜந்தாக் கோட்டின் மேல் மஞ்சள் விமானத்தை உட்காரவைப்பதே வேலை என்று ஆகிவிட்டால், அப்புறம் மதுரை மேல் பறந்தாலும் மடகாஸ்கர் மேல் பறந்தாலும் ஒன்றுதான்.

உசிலம்பட்டியில் மதுரை–தேனிச் சாலையும் போடி ரயில் பாதையும் வந்து உங்களோடு சேரும். இரண்டும் ஆண்டிப்பட்டிக் கணவாய் வழியாக மலையைத் தாண்டும். நீங்கள் அதற்குச் சற்று வடக்கே மலைக்கு மேலேயே கடப்பீர்கள். கடந்ததும் எதிரே தண்ணீர். அதுதான் வைகை அணை. சிமுலேட்டரின் நிலப்படம் எந்தக் காலத்தில் எடுத்ததோ அதைப் பொறுத்து நீர்த்தேக்கம் விரிந்தோ சுருங்கியோ தெரியலாம். 71 அடி முழுக் கொள்ளளவு எட்டிய நாள் போலவே எப்போதும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அணையின் நீண்ட கரை அசையாது, அதை அடையாளமாக வையுங்கள்.

திரும்பி வரும் வழி ஆறுதான்

வந்த வழியே திரும்பாதீர்கள். அணைக்கு மேல் ஒரு வட்டம் போட்டு 5,500-க்கு ஏறி, ஆற்றைப் பிடியுங்கள். வைகை அணையிலிருந்து நேராக மதுரைக்கு வருவதில்லை. முதலில் வடகிழக்கே போகிறது, மலையைச் சுற்றிக்கொண்டு, பேரணை தாண்டித் தென்கிழக்கே திரும்பிச் சோழவந்தான் வழியாக மதுரைக்கு வருகிறது. வருஷக்கணக்காகக் கல்பாலத்தில் நின்று பார்த்த ஆறு இப்படி வளைந்து வருவதை நான் முதலில் கண்டுகொண்டது இந்த சிமுலேட்டரில்தான். இந்தத் துண்டுக்கு மேப்பில் கோடே போட வேண்டாம். ஆறுதான் கோடு.

சோழவந்தானில் இறங்க ஆரம்பியுங்கள். ஏன் அங்கே? ஆயிரம் அடி இறங்க மூன்று நாட்டிகல் மைல் வேண்டும் என்பது எளிய கணக்கு. 5,500-லிருந்து 1,500-க்கு வர நாலாயிரம் அடி, ஆக 12 நாட்டிகல் மைல். சோழவந்தானிலிருந்து வண்டியூர்த் தெப்பக்குளம் கிட்டத்தட்ட 13. தரை வேகம் 100 நாட் என்றால் நிமிஷத்துக்கு 500 அடி வீதம் இறங்கினால் கணக்கு சரியாக வரும். லிட்டில் நேவ்மேப்பும் இந்த மூன்று மைல் கணக்கை வைத்துத்தான் இறங்கத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்காட்டும்.

தெப்பக்குளம் மேலிருந்து தப்பவே தப்பாது: சதுரக் குளம், நடுவில் மைய மண்டபம். அதற்கு மேல் வந்ததும் தெற்கே திரும்புங்கள். நாலரை நாட்டிகல் மைல் போனால் ரன்வேயின் நேர்க்கோட்டுக்கு வருவீர்கள், ரன்வே உங்கள் வலது பக்கம் மூன்று மைல் தள்ளி இருக்கும். வலது பக்கம் திரும்பி 270 பிடித்தால் எதிரே 27. இறங்க வேண்டியதுதான்.

கொடைக்கானல் போக நினைத்தால்

அணை வரை போன எல்லோருக்கும் அடுத்த ஆசை கொடைக்கானல். மேப்பில் பார்த்தால் அணையிலிருந்து ஏரிக்கு 12 நாட்டிகல் மைல்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 4,500 அடியில் இருந்தபடியே கோடு போட்டேன், கோட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். பெரியகுளம் தாண்டியதும் கண்ணாடி முழுக்கப் பச்சை. மூக்கைத் தூக்கினேன். வேகம் 80, 70, 60 என்று இறங்கியது. விமானம் விழப்போகிறது என்ற எச்சரிக்கை ஒலி. திரும்பவும் இடமில்லை, பக்கத்துச் சரிவும் அதே உயரம். மேப்பில் அப்போதும் மஞ்சள் விமானம் மஜந்தாக் கோட்டின் மேல் நூல் பிடித்த மாதிரி இருந்தது. இரண்டு நொடியில் மலையில் மோதினேன்.

கோட்டில் ஒரு தப்பும் இல்லை. கோடு இடத்தைத்தான் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. கொடைக்கானல் ஊரே கடல் மட்டத்துக்கு மேல் ஏழாயிரம் அடி. தெற்கு முகம் படிப்படியாக ஏறுவதில்லை, சுவர் போல எழும்புகிறது. செஸ்னா அந்த உயரத்தில் நிமிஷத்துக்கு ஐந்நூறு அடி ஏறினாலே நல்லது. 90 நாட் வேகத்தில் 12 மைல் கடக்க எட்டு நிமிஷம், எட்டு நிமிஷத்தில் நாலாயிரம் அடி. ஏரிக்கு மேல் வரும்போது 8,500 கிடைத்திருக்கும், ஆனால் மலை விளிம்பு ஏரிக்கு முன்னாடியே வந்துவிடுகிறதே.

ஆகவே அணைக்கு மேலேயே வட்டமடித்து 8,500-க்கு ஏறி முடித்த பிறகு வடக்கே திரும்புங்கள். ஒன்பது பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும். ஏரிக்கு மேற்கே போகப் போக நிலம் இன்னும் உயர்கிறது, அந்தப் பக்கம் ப்ரொஃபைல் பார்க்காமல் போகாதீர்கள். மலைச்சரிவை எப்போதும் சாய்வாக அணுகுங்கள். நேர் எதிராகப் போனால் திரும்ப 180 டிகிரி வேண்டும், சாய்வாகப் போனால் கொஞ்சம் திருப்பினாலே வெளியே வந்துவிடலாம்.

காற்று சேர்ந்தால்

இரண்டு மூன்று முறை இப்படிப் பறந்த பிறகு காற்றைச் சேருங்கள். தென்மேற்குப் பருவக் காலம் போல 240 திசையிலிருந்து 20 நாட் என்று வையுங்கள். அணையை நோக்கி 294 திசையில் நேராகப் போக வேண்டும் என்றால், மூக்கை 294-ல் வைத்தால் காற்று உங்களை வடக்கே தள்ளிவிடும். சுமார் 8 டிகிரி இடது பக்கம், 286-ல் வைக்க வேண்டும். எதிர்க்காற்றின் பங்கால் தரை வேகம் 110-லிருந்து 97 பக்கம் விழும். மேப்பில் விமானத்தின் மூக்கு ஒரு பக்கமும் அது விட்டுச்செல்லும் தடம் வேறு பக்கமும் போவதைப் பார்ப்பீர்கள். பழுதில்லை, நண்டு நடப்பது போல அப்படித்தான் போக வேண்டும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் நம் பக்கத்தில் ஓரிரு டிகிரிதான், ஆரம்பத்தில் அதை மறந்துவிடலாம்.

அடுத்த படி திருச்சி. மதுரையிலிருந்து ஏறத்தாழ 67 நாட்டிகல் மைல், திசை 33. இதற்கு ஒரு பழைய விமானிக் கணக்கு உதவும்: 60 மைல் போனபின் ஒரு மைல் விலகியிருந்தால் ஒரு டிகிரி தப்பு. திருச்சியை மூன்று மைல் தள்ளிக் கடந்தீர்கள் என்றால் உங்கள் ஹெட்டிங், அதாவது மூக்கு பார்க்கும் திசை, சுமார் மூன்று டிகிரி பிசகியிருக்கிறது.

கருவிகளை வைத்து இறங்கும் முறைக்கு வரும்போது, இந்திய விமான நிலையங்களின் சார்ட்டுகளை இந்திய விமான நிலைய ஆணையம் தன் மின்னணு வெளியீட்டில் இலவசமாகவே தருகிறது, மதுரையுடையதும் அதில் உண்டு. லிட்டில் நேவ்மேப்போடு கூடவே வரும் நேவிகிராஃப் தகவல் 2018 தொடக்கத்தில் வந்த 1801 பதிப்பு, ஆகவே சார்ட்டில் இருக்கும் ஒரு புள்ளி மேப்பில் இல்லை என்றால் பதற வேண்டாம். சிமுலேட்டரில் எது இருக்கிறதோ அதை வைத்துப் பறங்கள். மேப்பும் சிமுலேட்டரும் ஒரே தகவலைப் பயன்படுத்த, சீனரி லைப்ரரி மெனுவில் நேவிகிராஃப் தகவலைப் பயன்படுத்தாதே என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒவ்வொரு முறை இறங்கியதும் கம்ப்யூட்டரை அணைக்கும் முன் நீங்கள் வந்த தடத்தை ஜி.பி.எக்ஸ். கோப்பாகச் சேமியுங்கள். லாக்புக்கிலும் பதிவாகும். அக்கா மகனின் முதல் தடம் சோழவந்தானுக்கும் மதுரைக்கும் நடுவில் ஆற்றை விட்டு வடக்கே அலைந்து, அழகர்மலைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தது. அவன் அந்த வளைவில் விரலை வைத்து, "மாமா, இங்கதான் நான் மேப்பையே பாத்துட்டு இருந்தேன்" என்றான். மறுநாள் சாயங்காலம் அதே பாதையை மறுபடியும் பறந்தான். இந்த முறை கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு.